ஷாக்கிள் பார்த்துக் கொடுத்த கொக்கிகள்

எங்கள் தெருவில் ஷாக்கிள் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் தொங்கியதில்லை. மின்விசிறி தொங்கியதில்லை, பிள்ளைத் தூளி தொங்கியதில்லை, கல்யாண வீட்டுக் குழல்விளக்கு தொங்கியதில்லை. கோடி வீட்டு மாமரத்து வௌவால்கள் மட்டும்தான் அவரிடம் அனுமதி வாங்காமல் தொங்கின. அவற்றையும் அவர் அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கோயில் சாமியாருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ஷாக்கிள். அப்படியென்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: லாடம் போல வளைந்த ஓர் இரும்பு, அதன் வாயில் குறுக்கே ஒரு திருகாணி. சங்கிலியையும் கொக்கியையும் இணைப்பதற்கு அது. வளைகுடா நாட்டுத் துறைமுகம் ஒன்றில் பதினேழு வருடம் ரிக்கராக, அதாவது கிரேனில் பாரம் கட்டித் தூக்கி இறக்கும் வேலையில், இருந்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியவர். எல்லோரும் ஊர் திரும்பும்போது டேப்ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பெட்டி நிறைய ஷாக்கிள் கொண்டுவந்தார்.

"எனக்கு என்ன கொண்டாந்தீங்க?" என்று அவர் மனைவி கேட்டாராம்.

"இதோ பாரு, மூணே கால் டன்னு."

"கழுத்துல போட்டுக்கவா, காதுல போட்டுக்கவா?"

அன்றைக்கே தெருவில் பெயர் விழுந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து தூளி கட்டினார்கள். ஷாக்கிள் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையோடு வந்தார். சேலைக்குள் மூட்டையைப் படுக்க வைத்துப் பத்து நிமிடம் ஆட்டினார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணுக்குக் கால் கடுத்துப் போயிற்று.

"அண்ணே, பாப்பா மூணு கிலோதாண்ணே."

"சும்மா இருந்தா மூணு கிலோ. அழுது உதைச்சா ஏழு கிலோம்மா. நாம உதைக்கிறதுக்குத்தான் கணக்குப் பாக்கணும்."

அதைவிடப் பெரிய கூத்து, அக்கிரகாரத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தின் கல்யாணத்தில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் ஊஞ்சலில் உட்கார வேண்டும். நாயனக்காரர் வாயில் சீவாளியை வைத்துவிட்டார். அப்போது ஷாக்கிள் உள்ளே வந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். தம்பதி சேர்ந்து நூற்று முப்பது கிலோ, சோதனைப் பாரம் இருநூறாவது இருக்க வேண்டும் என்றார். அடுப்படியிலிருந்து வலங்கைமான் சமையல்காரர்களில் பருத்த இரண்டு பேரை அழைத்து வந்து, கரண்டியும் கையுமாக ஊஞ்சலில் உட்கார வைத்து, தானே ஆட்டிவிட்டார். பெண்ணின் அத்தைகள் பழக்க தோஷத்தில் பாட ஆரம்பித்து, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் நிறுத்தினார்கள்.

அதோடு முடிந்திருக்கலாம். சோதனை முடிந்த பிறகு பூக்காரர் வந்து சங்கிலியில் மல்லிகைச் சரம் சுற்றினார். ஷாக்கிள் பழையபடி சமையல்காரர்களைக் கூப்பிட்டார்.

"யோவ், பூதானய்யா சுத்துனேன்!" என்றார் பூக்காரர்.

"டெஸ்டு பண்ணினதுக்கு அப்புறம் ஒரு நூலைச் சுத்தினாலும் டெஸ்டு பண்ணாத மாதிரிதான். நீங்க உக்காருங்கண்ணே."

சாம்பார் கொஞ்சம் அடிப்பிடித்தது. ஆனால் ஊஞ்சல் தாங்கியது. அவர் பார்த்த எதுவும் விழுந்ததில்லை என்பதை எங்கள் தெருவில் மின்சாரக் கட்டண அட்டையில் எழுதிய தொகையைப் போல எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

இனி என் மகள் தேன்மொழிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் தூளியையும் ஊஞ்சலையும் சுற்றிக்கொண்டிருந்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

தஞ்சாவூரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூருக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. தேனுவும் ஏறினாள். வீட்டில் நானும் என் கணவரும், மூன்று பேருக்கு வடித்துப் பழகிய குக்கரும் மிஞ்சினோம். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஐம்பது பிள்ளைகளின் சத்தத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் கடிகாரம் ஓடுவது கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய போனுக்காகச் சனிக்கிழமையே காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். "அம்மா, நான் பாறை ஏறப் போறேன். ஆபீஸ்ல ஒரு குரூப் இருக்கு."

"எதுக்குடி ஏறணும்?"

"மேல போறதுக்கு."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப போயி?"

"இறங்கிடுவோம்."

நாங்கள் காவிரிக்கரைக்காரர்கள். எங்கள் பக்கத்தில் கல் என்றால் கோயிலில் இருக்கும், அதுவும் எங்கிருந்தோ வண்டியில் வந்த கல். உயரம் என்றால் வரப்பு. எனக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் வெண்ணாற்றுப் பாலம்.

"பாறையில ஆணி அடிச்சு வெச்சிருப்பாங்கல்ல? அதுல கயிறு மாட்டிக்குவீங்கதான?"

"அப்படியும் ஏறலாம்மா. ஆனா நாங்க ஏறுறது பழைய முறை. ஆணியே கிடையாது. பாறையில வெடிப்பு இருக்கும்ல, அதுல நாங்களே ஒரு உலோகத் துண்டைச் சொருகி, அதுல கயிறை மாட்டிக்குவோம். பின்னாடி வர்றவங்க அதை எடுத்துட்டு வந்துடுவாங்க."

"நீ சொருகினதுல நீயே தொங்குவியா?"

"விழுந்தாத்தாம்மா."

என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஷாக்கிள் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் தேனு கேட்பாள், நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் எழுந்து நின்றார். முகத்தில் கிறிஸ்துமஸ் வந்துவிட்டது.

"கயிறு எத்தனை எம்எம் டீச்சர்?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போனில் பாதி நேரம் எனக்கு, பாதி நேரம் அவருக்கு என்று ஆயிற்று. சில வாரங்களில் கால்வாசி எனக்கு. தேனுவின் குழுவில் பொதுச் சாமான்கள் கொஞ்சம் இருந்தன. அவளுக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு கொக்கிப் பட்டைகள் வேண்டும். நடுவில் வளையமாகத் தைத்த ஒரு நாடாப் பட்டை, முனைக்கொரு கொக்கி. ஒரு கொக்கி பாறையில் சொருகிய துண்டுக்கு, மறு கொக்கி கயிற்றுக்கு. அந்தக் காலத்தில் நம் நாட்டில் அது கடையில் கிடைக்காது. ஷாக்கிளின் தங்கை மகள் இங்கிலாந்தில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு வரும்போது வாங்கி வருவாள் என்று ஏற்பாடு.

"ஒரே நீளத்துல வாங்கக் கூடாது மாமா, நீட்டுற மாதிரி வேணும்" என்றாள் தேனு. "வெடிப்பு நேரா இருக்காது. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு இருக்கும். கயிறு கோணலாப் போனா மேல இழுக்கவே முடியாது. கீழ சொருகினதையும் பிடுங்கி விட்டுடும். அதனால அறுபது சென்டிமீட்டர் பட்டையை மூணா மடிச்சு வெச்சுக்குவோம். தேவைப்படுற இடத்துல ரெண்டு மடிப்பை விட்டு இழுத்தா நீண்டுடும்."

ஷாக்கிள் போனைக் கையால் பொத்திக்கொண்டு எனக்கு விளக்கினார். "பம்புசெட்டு ஹோஸ் மாதிரி டீச்சர். நாலு வரப்பு மூலையில சுத்திக் கிடக்கிற ஹோஸை இழுத்துப் பாருங்க, அசையாது. நேரா கிடந்தா ஒத்தை ஆள் இழுத்துடலாம்."

வகுப்பில் நான் பத்து வருடமாகச் சொல்லிக் கொடுத்த உராய்வு, அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

நர்ஸ் பெண் அனுப்பிய கடை விலைப்பட்டியல் புத்தகம் தபாலில் வந்தது. ஷாக்கிள் அதை ஞாயிறு பூசைக்குக்கூடக் கொண்டுபோனார் என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். முதல் சண்டை, எஃகா அலுமினியமா என்பது.

"எதுக்கு இந்தத் தகரம்? அரை இஞ்சு ஷாக்கிள் பன்னெண்டு என்கிட்டயே இருக்கு. எடுத்துக்க."

"மாமா, அதை இடுப்புல கட்டினா எனக்குத்தான் கிரேன் வேணும்."

இரண்டாவது சண்டை பட்டையைப் பற்றியது. அவருக்கு அகலமான நைலான் வேண்டும். அவளுக்கு மெல்லிய, இலேசான பட்டை வேண்டும்.

"இது பாவாடை நாடாம்மா!"

"அந்த நாடா ரெண்டு டன்னு தாங்கும் மாமா. புத்தகத்துல போட்டிருக்கு பாருங்க."

பார்த்தார். கணக்குப் போட்டார். ஒரு டிராக்டரைத் தொங்கவிடலாம் என்று வந்தது. மறுபடியும் கணக்குப் போட்டார். மறுபடியும் டிராக்டர் வந்தது.

மூன்றாவது சண்டைதான் பெரியது. கொக்கியின் வாயை மூடும் கதவு கெட்டியான கட்டைக் கதவா, வளைந்த கம்பிக் கதவா? கம்பிக் கதவைப் பார்த்ததும் "கோழிக்கூண்டு" என்று தள்ளிவிட்டார். தேனு விடவில்லை. விழும்போது கொக்கி பாறையில் மோதும். மோதுகிற வேகத்தில் கனமான கதவு ஒரு கணம் தானாகவே திறந்துகொள்ளலாம், கம்பிக் கதவு இலேசாக இருப்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு என்றாள். இவர் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில் ஏழு மணிக்கு எங்கள் வாசலில் நின்றார்.

"பொண்ணு சொல்றதுதான் நியாயம் டீச்சர். கோழிக்கூண்டே போடச் சொல்லிட்டேன்."

அவரை எனக்குப் பிடித்துப்போனதற்கு அது ஒரு காரணம். கத்துவார், ஆனால் நியாயம் தெரிந்தால் மறுநாள் காலையில் வந்து ஒப்புக்கொள்வார். வீட்டில் பேப்பருக்குப் பின்னால் இருப்பவரிடம் நான் அதைக் கண்டதில்லை.

ஆர்டர் கொடுக்கும்போது பதின்மூன்று என்று எழுதினார்.

"பன்னெண்டுதாண்ணே கேட்டா?"

"ஒண்ணு சாம்பிள். கப்பலுக்குப் போற எந்தச் சாமானும் ஒண்ணு ஸ்டோர்ல நிக்கணும்."

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் பெட்டி வந்து சேர்ந்தது. கொல்லையில் மூன்று குழாய்களை முக்காலியாக நிறுத்தி, சங்கிலிக் கப்பி மாட்டி, மூன்று நெல் மூட்டைகளைக் கட்டி, ஒவ்வொரு பட்டையையும் தூக்கி, கால் மணி நேரம் தொங்கவிட்டு இறக்கினார். இரண்டு நாள் வேலை. ஒரு நோட்டில் எண் போட்டுக் கையெழுத்து வைத்தார். பக்கத்து வீட்டுக் கோழிகள் சிந்திய நெல்லைத் தின்று கொழுத்தன. பதின்மூன்றும் தேறின.

அதன் பிறகு நடந்ததைத்தான் அவர் பிற்பாடு என்னிடம் நூறு தடவை சொன்னார். சாமானைப் பெட்டியில் வைக்கப் போகும்போது, பட்டையின் முனையில் கொக்கி இப்படியும் அப்படியும் புரண்டு ஆடியது அவர் கண்ணை உறுத்தியது. துறைமுகத்தில் ஆடுகிற கொக்கியை விட்டுவைக்க மாட்டார்கள், கம்பியைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து, மோதிரம் மோதிரமாக நறுக்கினார். ஒவ்வொரு பட்டையிலும் கயிற்றுப் பக்கக் கொக்கியை ரப்பரால் இறுக்கினார். கொக்கி ஆடாமல் சமர்த்தாக நின்றது. பார்க்க அழகாக இருந்தது. பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்தார்.

பொங்கலுக்கு வந்த தேனு டின்னைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். "ரப்பர்லாம் போட்டு ஜோரா இருக்கு மாமா!" என்றாள். குட்டையான, நீளாத வகைப் பட்டைகளில் கம்பெனிக்காரர்களே ரப்பர் போட்டுத்தான் விற்பார்களாம். அதனால் அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத் தோன்ற வேண்டியதே இல்லை. ஷாக்கிள் பார்த்துக் கொடுத்தது. அன்று மாலை அவளை பஸ் ஏற்றிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. ஷாக்கிள் வாசலில் சாம்பிள் பட்டையை வைத்துக்கொண்டு பால்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றாவதற்கும் ரப்பர் போட்டிருந்தார். அதை மடிப்பதும் இழுத்து நீட்டுவதும் மறுபடி மடிப்பதும்தான் அந்த இரண்டு மாதமும் அவருக்குப் பொழுதுபோக்கு. "ரெண்டு டன்னு தாங்கும்யா" என்றார். "என் கேனைத் தாங்குமா?" என்றார் பால்காரர். பட்டையை விட்டத்துக் கொக்கியில் மாட்டி, இருபது லிட்டர் பால் கேனை அதில் தொங்கவிட்டார்கள். ஒரு மூச்சு விடும் நேரம் தொங்கியது. பிறகு விழுந்தது.

நான் பள்ளிச் சிறப்பு வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஷாக்கிள். முழங்கால் வரைக்கும் பால். பின்னால் தெருவில் பால்காரரின் குரல், "என் பாலுக்கு யாருய்யா வழி?" ஷாக்கிளின் ஒரு கையில் பட்டை, மறு கையில் கொக்கி, சுண்டுவிரலில் அறுந்த ரப்பர் மோதிரம்.

"பட்டை அறுந்துபோச்சாண்ணே?"

"பட்டை அறுகலை டீச்சர்." இரண்டையும் என் முன்னால் நீட்டினார். "கொக்கி பட்டையிலயே இல்ல."

கூடத்தில் உட்கார்ந்து செய்து காட்டினார். மடித்து நீட்டி மடிக்கும்போது, பட்டையின் ஒரு சுற்று ரப்பரைத் தாண்டி மறுபக்கம் புரண்டுவிட்டால், பட்டை கொக்கியை விட்டு வெளியே வந்துவிடுகிறது. கொக்கி வெறும் ரப்பரில் நிற்கிறது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ரப்பர் இல்லையென்றால் கொக்கி அப்போதே கழன்று கையில் வந்திருக்கும், தப்பு தெரிந்திருக்கும். ரப்பர்தான் தப்பை மறைத்து, எல்லாம் சரியாக இருப்பது போலப் பிடித்து வைத்திருக்கிறது.

"டெஸ்டுக்கு அப்புறம் போட்டேன்" என்றார். "டெஸ்டுக்கு அப்புறம் போட்டேன் டீச்சர்."

தேனுவின் செல்போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அறைத்தோழிக்கு அடித்தேன். காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள், பாறையடியிலேயே கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்குகிறார்கள், மைசூர் சாலையில் இன்ன ஊர், அங்கே போன் எடுக்காது, தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வைக்கிறேன் என்றாள். என் கணவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்றிப் பேருந்து நிலையத்தில் விட்டார். மூன்றாவது ஆளாகத் தானும் வருவேன் என்று நின்றவரை, போன் வந்தால் எடுக்க வீட்டில் ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். அவர் போன வேகத்தில் ஹெல்மெட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஷாக்கிளோடு பஸ்ஸில் போயிருப்பவர்களுக்குத் தெரியும். கூரை மேல் கட்டிய சாமானை ஏறிப் பார்த்து, கயிற்றை அவிழ்த்து, தன் முடிச்சைப் போட்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்காமல் வண்டி புறப்பட்டதே கிடையாது. அன்றைக்கு மேலே யாருடைய சைக்கிளோ சேலம் வரைக்கும் தடதடவென்று ஆடிக்கொண்டு வந்தது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு, ஜபமாலையைப் போல அந்த ரப்பரை உருட்டிக்கொண்டு வந்தார். நான் அவரைத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். எந்த ஊரில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஓசூர் வந்துவிட்டது. பாறை இருக்கும் ஊருக்கு விடிந்தால்தான் பஸ் என்றார்கள். இரவு பெங்களூர் பேருந்து நிலையத்துப் பெஞ்சில் கழிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை எட்டரை மணிக்கு அந்தப் பாறையைப் பார்த்தேன். படத்தில் பார்ப்பது வேறு. வயலில் மேய்கிற ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே அது பாட்டுக்கு எழுந்து நிற்கிறது. அதன் நடுவில், எங்கள் பெரிய கோயில் கோபுரத்தின் பாதி உயரத்தில், நான் பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டை.

கீழே கண்ணாடி போட்ட ஒரு கன்னடப் பெண் கயிற்றைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். ஷாக்கிள் என் கையை இறுக்கிப் பிடித்தார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான்.

"கத்தாதீங்க டீச்சர். திடுக்குன்னு திரும்பினா கால் நழுவிடும்."

"பின்ன என்னண்ணே பண்றது?"

"நிக்கிறதுதான்."

நின்றோம். தேனு ஒரு வெடிப்பில் கையை விட்டாள். எதையோ சொருகினாள். இடுப்பிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மாட்டினாள். இரண்டு மடிப்பை விட்டு இழுத்தாள், நீண்டது. கயிற்றை மாட்டினாள். ஒவ்வொரு தடவை அவள் இழுக்கும்போதும் ஷாக்கிளின் உதடு அசைந்தது. ஆறு. ஏழு. அவர் இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்து, முழங்காலை மடித்து நின்றார். அந்த உயரத்திலிருந்து வருபவளைப் பிடித்துவிடலாம் என்பது போல. அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி, மூலத்துக்கு ஆபரேஷன் ஆனவர். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். நானும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மஞ்சள் சட்டை உச்சியில் மறைந்தது. பிறகு அந்தக் கன்னடப் பெண் ஏறினாள், வழியில் மாட்டியதையெல்லாம் கழற்றிக்கொண்டே. இருவரும் பின்பக்கச் சரிவு வழியாகப் பேசிச் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் தேனு நின்றுவிட்டாள்.

"அம்மா? அப்பாவுக்கு என்னாச்சு?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு ஹெல்மெட்டு?"

ஷாக்கிள் கையை நீட்டினார். அவள் பட்டைகளைக் கொடுத்தாள். ஒரு கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் இழுத்தார். முதலாவது சரி. இரண்டாவது சரி. நாங்கள் மூன்று பெண்களும் சுற்றி நின்றோம். ஒன்பதாவதை இழுத்தபோது ரப்பர் நீண்டு, பட் என்று அறுந்தது. பட்டை ஒரு கையில், கொக்கி மறு கையில்.

தேனு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அது எந்த உயரத்தில் மாட்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும். எனக்கு இன்றைக்கும் கனவில் அது ஒவ்வொரு தடவை ஒவ்வோர் உயரத்தில் வருகிறது.

"நான் போட்டது" என்றார் ஷாக்கிள். "என் கையால போட்டது தேனு."

அவள் அறுந்த ரப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "மாட்டுறதுக்கு முன்னாடி இழுத்துப் பாக்க வேண்டியது நான் மாமா. நீங்க பாத்தாச்சுன்னு நான் பாக்கலை."

கத்தியை எடுத்து மிச்சமிருந்த ரப்பர்களை அறுத்தாள். அவர் ஒவ்வொன்றையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் அழுதார். நான் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. பையைத் துழாவி, பேருந்து நிலையத்தில் வாங்கி யாரும் தின்னாத வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன். "சர்க்கரை இருக்கு டீச்சர்" என்றார். "பரவாயில்லை, தின்னுங்க" என்றேன். தின்றார்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் எதையும் பார்க்க வரவில்லை. தெருவுக்கு முதலில் விடுதலையாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. ஆட்களே போய் அழைக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் வந்தார். ஆனால் சரி என்று சொல்வதை விட்டுவிட்டார். பார்த்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் பாத்தேன். நீங்களும் ஒரு தடவை இழுத்துப் பாருங்க" என்பார். மின்விசிறி மாட்டிய வீட்டில் குடும்பத்தோடு நாற்காலியில் ஏறி ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள்.

தேனு ஏறுவதை நிறுத்தவில்லை. வேலை அவளை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோயிற்று. அங்கே பாறைகள் இன்னும் ஈரம், இன்னும் உயரம். ஷாக்கிள் அதன் பிறகு என்னிடம் கொக்கியைப் பற்றியோ பட்டையைப் பற்றியோ பேசவே இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில், நான் வாசல் தெளிக்கும் நேரத்துக்குச் சரியாக, கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே வர மாட்டார்.

"இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டாண்ணே."

"சரி டீச்சர்."

அவ்வளவுதான். மழையில் குடையோடு வந்திருக்கிறார். காய்ச்சலில் கம்பளியோடு வந்திருக்கிறார். தேனு ஏறாத வாரங்களிலும் நான் இறங்கிவிட்டாள் என்றே சொல்லுவேன். அவரை வெறும் கையோடு திருப்பி அனுப்ப மனம் வராது.

போன ஐப்பசியில் அவரை அடக்கம் செய்தோம். குழிக்குள் இறக்கும்போது பெட்டியைத் தாங்கிய கயிற்றைத் தெருக்காரர்கள் ஒவ்வொருவரும் முன்னால் வந்து ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே நடந்தது.

தேனுவின் செய்தி இப்போதும் ஞாயிறு இரவுக்குள் வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் வாசல் தெளித்து முடித்ததும் கேட்டுக்குப் போகிறேன். தெருவில் பால் வண்டியும் பள்ளி வேனும் போகின்றன. அவை போகும் வரைக்கும் காத்திருந்து, "இறங்கிட்டாண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.